உடலொத்த ஹார்மோன்களும் பெண்களின் பாதுகாப்பும்: ஈ.பி. ஃபோர்ட் தடை முதல் இன்று வரை

மனித உடல் தானே சுரக்கும் ஹார்மோன்களின் அதே மூலக்கூறு அமைப்பைக் கொண்ட மருந்துகள் உடலொத்த ஹார்மோன்கள் எனப்படுகின்றன. ஆங்கில வழக்கில் இவற்றுக்குப் பயோஐடென்டிகல் ஹார்மோன்கள் என்று பெயர். எஸ்ட்ரடையால், எஸ்ட்ரோன், எஸ்ட்ரியால், புரோஜெஸ்ட்ரோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வரும் உடல் வெப்ப அலைகள், இரவு வியர்வை, தூக்கமின்மை போன்ற தொல்லைகளுக்கு இவை தரப்படுகின்றன. கருவுற்ற தொடக்க மாதங்களிலும், குழந்தைப்பேறு சிகிச்சையிலும் புரோஜெஸ்ட்ரோன் பயன்படுகிறது.

"உடலில் உள்ளதுதானே, கெடுதல் செய்யுமா?" என்ற கேள்வி இம்மருந்துகளைப் பற்றி அடிக்கடி எழுகிறது. இதற்கு விடை தேட ஹார்மோன் மருந்துகளின் ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றைப் பார்க்க வேண்டும். அந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1982 முதல் 1988 வரை ஈ.பி. ஃபோர்ட் என்ற ஹார்மோன் மாத்திரைகளைத் தடை செய்யக் கோரி நடந்த இயக்கமே அது.

இயற்கை, செயற்கை, உடலொத்தது

இந்த மூன்று சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுத்தப்படுவதால் குழப்பம் உண்டாகிறது. மூன்றும் வெவ்வேறு பொருள் கொண்டவை. கர்ப்பமுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படும் எஸ்ட்ரோஜன் கலவை முழுக்க இயற்கையானது. ஆனால் அதில் உள்ள ஈக்விலின் போன்ற பொருள்கள் மனித உடலில் இல்லாதவை. எனவே அது இயற்கையானது, உடலொத்தது அல்ல.

இதற்கு மாறாக, இன்று உடலொத்த ஹார்மோன் என்று விற்கப்படும் எஸ்ட்ரடையாலும் புரோஜெஸ்ட்ரோனும் தொழிற்சாலையில் உருவாக்கப்படுபவை. ஒருவகை காட்டு வள்ளிக்கிழங்கில் உள்ள டையாஸ்ஜெனின், சோயாவில் உள்ள ஸ்டிக்மாஸ்டெரால் போன்ற தாவரப் பொருள்களை எடுத்து, பல வேதிவினைகளுக்கு உட்படுத்தி இவற்றைத் தயாரிக்கிறார்கள். கடைசியில் கிடைக்கும் மூலக்கூறுதான் உடலில் உள்ளதைப் போன்றது. அது உருவாகும் வழி ஆய்வகத்தின் வழியே.

மனித உடலால் டையாஸ்ஜெனினைப் புரோஜெஸ்ட்ரோனாக மாற்ற முடியாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். எனவே வள்ளிக்கிழங்கை உண்பதாலோ, அதன் சாறு கலந்த களிம்பைப் பூசுவதாலோ உடலில் புரோஜெஸ்ட்ரோன் கூடிவிடாது.

எத்தினைல் எஸ்ட்ரடையால், நாரெதிஸ்ட்ரோன் போன்றவை மூன்றாம் வகை. இவை உடலின் ஹார்மோனைப் போல வேலை செய்யுமாறு மாற்றி அமைக்கப்பட்ட செயற்கை மூலக்கூறுகள். கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலும் இவ்வகையே உள்ளது.

சுரப்பியிலிருந்து மாத்திரைக்கு

1929-ல் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் புடெனாண்டும் தனித்தனியே எஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்தனர். 1934-ல் புரோஜெஸ்ட்ரோன் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. பாலின ஹார்மோன்கள் பற்றிய பணிக்காகப் புடெனாண்டுக்கு 1939-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கண்டுபிடித்தவுடன் ஒரு தடை எதிர்ப்பட்டது. எஸ்ட்ரடையாலையோ புரோஜெஸ்ட்ரோனையோ அப்படியே விழுங்கினால், குடலிலும் கல்லீரலிலும் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். அதனால் வாய்வழி மாத்திரையாக அது போதிய பலன் தரவில்லை. 1938-ல் பெர்லினில் இன்ஹோஃபனும் ஹோல்வெக்கும் எஸ்ட்ரடையாலின் மூலக்கூறில் சிறு மாற்றம் செய்து எத்தினைல் எஸ்ட்ரடையாலை உருவாக்கினர். கல்லீரல் அதை எளிதில் சிதைப்பதில்லை. மிகக் குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. மாத்திரை வடிவில் ஹார்மோன் பரவ இதுவே வழி திறந்தது.

அடுத்த தடை விலை. விலங்குகளின் சுரப்பிகளிலிருந்து ஹார்மோனை எடுப்பது பெரும் செலவு பிடித்தது. 1940-களில் அமெரிக்க வேதியியலர் ரஸ்ஸல் மார்க்கர் மெக்சிகோவின் காட்டுக் கிழங்குகளிலிருந்து டையாஸ்ஜெனினை எடுத்து, அதைப் புரோஜெஸ்ட்ரோனாக மாற்றிக் காட்டினார். 1944-ல் மெக்சிகோவில் சின்டெக்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கேதான் 1951-ல் நாரெதிஸ்ட்ரோன் உருவானது.

இந்தியாவும் இத்தொழிலில் இறங்கியது. இமயமலைப் பகுதியில் வளரும் டயோஸ்கோரியா டெல்டாய்டியா என்ற கிழங்கு இதற்குப் பயன்பட்டது. அளவுக்கு மீறித் தோண்டப்பட்டதால் அது அருகிப்போனது. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இக்கிழங்கு இடம்பெற்றுள்ளது.

டி.இ.எஸ். தந்த பாடம்

1938-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை எஸ்ட்ரோஜனை அறிவித்தனர். டி.இ.எஸ். எனச் சுருக்கி அழைக்கப்பட்ட இதற்குக் காப்புரிமை பெறப்படவில்லை. அதனால் பல நிறுவனங்களும் மலிவாகத் தயாரித்தன. கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு இது பெருமளவில் தரப்பட்டது.

1953-ல் சிகாகோவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், டி.இ.எஸ். கருச்சிதைவைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுப்பது நிற்கவில்லை. 1971-ல் பாஸ்டனில் ஹெர்ப்ஸ்ட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஓர் அறிக்கை வெளியிட்டனர். இளம்பெண்களுக்கு மிக அரிதாகவே வரும் ஒருவகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் 8 பேருக்கு வந்திருந்தது. அவர்களில் 7 பேரின் தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் டி.இ.எஸ். எடுத்துக்கொண்டவர்கள். அதே ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்கு இதைத் தரக் கூடாது என்று அறிவித்தது.

தாய் விழுங்கிய மாத்திரையின் விளைவு, மகள் வளர்ந்து ஆளான பிறகு வெளிப்பட்டது. ஹார்மோன் மருந்தின் தீங்கைக் கண்டறிய ஒரு தலைமுறைக் காலம்கூட ஆகலாம் என்பதை மருத்துவ உலகம் இதிலிருந்து அறிந்தது. பலன் இல்லை என்று தெரிந்த பிறகும் 18 ஆண்டுகள் அந்த மருந்து தொடர்ந்து கொடுக்கப்பட்டது இதைவிடக் கசப்பான பாடம்.

கருவுற்றதை அறியும் மாத்திரை

1950-களின் இறுதியில் வேறொரு பயன்பாடு ஐரோப்பாவில் பரவியது. கருவுற்றிருக்கிறோமா என்று அறிய விரும்பும் பெண்ணுக்கு, அதிக அளவு எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் கலந்த இரண்டு மாத்திரைகள் தரப்பட்டன. சில நாள்களில் மாதவிடாய் வந்தால் அவர் கருவுறவில்லை என்று பொருள், வராவிட்டால் கருவுற்றிருக்கலாம். பிரிட்டனில் பிரிமோடோஸ் என்ற பெயரில் இது விற்கப்பட்டது.

1967-ல் இசபெல் கால் என்ற மருத்துவர், முதுகுத்தண்டுக் குறையுடன் பிறந்த குழந்தைகளின் தாய்மார்களில் பலர் இம்மாத்திரையை எடுத்திருந்தனர் என்று நேச்சர் இதழில் எழுதினார். பிரிட்டிஷ் அரசு 1975-ல்தான் எச்சரிக்கை விடுத்தது. 1978-ல் மாத்திரை அந்நாட்டுச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இம்மாத்திரைதான் பிறவிக் குறைகளுக்குக் காரணமா என்பது இன்றும் விவாதத்தில் உள்ளது. 2017-ல் பிரிட்டிஷ் நிபுணர் குழு ஒன்று, காரணத் தொடர்பை நிறுவச் சான்றுகள் போதவில்லை என்றது. 2020-ல் கம்பர்லெஜ் சீமாட்டி தலைமையிலான விசாரணைக் குழுவோ, 1967-லேயே இம்மாத்திரை விலக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கூறியது. இரண்டு கூற்றுகளும் முரண்பட்டவை போலத் தோன்றலாம். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. கருவுற்றதை அறியச் சிறுநீர்ப் பரிசோதனை அப்போதே கிடைத்தது. மாத்திரையால் தனியான பலன் எதுவும் இல்லை. பலனே இல்லாத இடத்தில், சிறு ஐயம் எழுந்தாலும் மருந்தை நிறுத்துவதே முறை.

இந்தியாவில் ஈ.பி. ஃபோர்ட்

எஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இவ்வகை மருந்துகள் இந்தியாவில் ஈ.பி. மருந்துகள் எனப்பட்டன. 'ஃபோர்ட்' என்பது அதிக வீரியத்தைக் குறிக்கும் அடைமொழி. பல நிறுவனங்கள் பல வணிகப் பெயர்களில் இவற்றை விற்றன. மேலைநாடுகள் கைவிட்ட பின்னும் இங்கே கருவுற்றதை அறியும் சோதனைக்கு இவை பயன்பட்டன.

அதோடு இன்னொரு தவறான வழக்கமும் வேரூன்றியது. 'நாள் தள்ளிப்போனால்' இம்மாத்திரையைச் சாப்பிட்டால் கரு கலைந்துவிடும் என்று பலர் நம்பினர். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டனர். இம்மாத்திரைக்குக் கருவைக் கலைக்கும் திறன் இல்லை. கரு கலையாமல் வளரும்போது, அதன் உறுப்புகள் உருவாகும் முக்கியமான வாரங்களில் அதிக அளவு செயற்கை ஹார்மோன் அதைச் சென்றடைந்தது. எந்தப் பெண் கருவுற்றிருக்கிறாரோ அவரே இதை அதிகம் வாங்கினார் என்பதுதான் ஆபத்தின் மையம்.

1980-களின் தொடக்கத்தில் இந்தியத் தன்னார்வ நலவாழ்வுச் சங்கம், மெடிகோ ஃபிரெண்ட் சர்க்கிள், அகில இந்திய மருந்துச் செயற்பாட்டு வலையமைப்பு ஆகியவையும் பல பெண்கள் அமைப்புகளும் இம்மருந்துகளுக்கு எதிராகக் குரல் எழுப்பின. மருந்துக் கொள்கை பற்றிப் பேசிய மருத்துவர்களும் பெண்ணுரிமைக் குழுக்களும் ஒரே கோரிக்கையில் இணைந்தது அந்த இயக்கத்தின் சிறப்பு.

1982-ல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி இவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்த உத்தரவிட்டார். ஆனால் அப்போதைய மருந்துச் சட்டத்தில், பொதுநலன் கருதி ஒரு மருந்தைத் தடை செய்யும் நேரடி அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கவில்லை. நிறுவனங்கள் உயர் நீதிமன்றங்களுக்குச் சென்று தடையாணை பெற்றன. மாத்திரைகள் தொடர்ந்து விற்கப்பட்டன.

நீதிமன்றமும் பொது விசாரணையும்

இந்தக் குறையை நீக்க 1982-ல் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டம் திருத்தப்பட்டு 26-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மனிதருக்கோ விலங்குக்கோ ஆபத்து விளைவிக்கும் மருந்தையும், சொல்லப்படும் பலன் இல்லாத மருந்தையும், தேவையற்ற சேர்மானங்களைக் கொண்ட மருந்தையும் தடை செய்ய மத்திய அரசுக்கு இப்பிரிவு அதிகாரம் தந்தது. 1983-ல் இது நடைமுறைக்கு வந்தது. பின்னாளில் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பல மருந்துகள் இப்பிரிவின் கீழ்தான் தடை செய்யப்பட்டன.

கேரள வழக்கறிஞர் வின்சென்ட் பனிக்குளங்கரா, தீங்கு தரும் மருந்துகளைத் தடை செய்யக் கோரி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 1987 மார்ச்சில் வந்த தீர்ப்பு, மக்களின் உடல்நலத்தைப் பேணுவது அரசின் தலையாய கடமைகளுள் ஒன்று என்பதை வலியுறுத்தியது. எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம் என்பதை நிபுணர்களைக் கொண்டு அரசே முடிவு செய்ய வேண்டும் என்றும் கூறியது.

அதே 1987-ல் ஈ.பி. மருந்துகள் பற்றிப் பொது விசாரணைகள் நடந்தன. டெல்லி, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களோடு சென்னையிலும் விசாரணை நடந்தது. மருத்துவர்கள், நிறுவனப் பிரதிநிதிகள், பெண்கள் அமைப்பினர் எனப் பலதரப்பினரும் தங்கள் வாதங்களை வைத்தனர். மாதவிடாய்க் கோளாறுகளுக்கு இம்மருந்து பயன்படுகிறது என்று ஒருதரப்பு வாதிட்டது. அதற்கு இத்தனை வீரியமுள்ள கூட்டு மருந்து தேவையில்லை, பாதுகாப்பான மாற்று உண்டு என்று மறுதரப்பு பதில் சொன்னது.

1988 ஜூனில் மத்திய அரசு தடையை அறிவித்தது. 1989-ல் திருத்தப்பட்ட அறிவிக்கையின்படி, கருத்தடை மாத்திரை நீங்கலாக, ஒரு மாத்திரையில் 50 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ரடையாலுக்கும் 3 மில்லிகிராம் நாரெதிஸ்ட்ரோன் அசிடேட்டுக்கும் மேற்பட்ட அளவுக்கு ஈடான எஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் கூட்டு மருந்துகள் தடைக்கு உள்ளாயின. இவ்வகைக் கூட்டு ஊசிமருந்துகளும் தடை செய்யப்பட்டன. முதல் உத்தரவிலிருந்து உறுதியான தடை வர ஆறு ஆண்டுகள் ஆயின.

இந்தத் தடையின் வாசகம் கவனத்துக்குரியது. அது ஹார்மோனை ஒட்டுமொத்தமாக விலக்கவில்லை. எந்தச் சேர்மானம், எவ்வளவு அளவு, எந்த வடிவம், எந்த நோக்கத்துக்கு என்று பார்த்து எல்லை வகுத்தது. ஹார்மோன் மருந்தின் பாதுகாப்பை அளக்கும் சரியான முறையும் அதுவே.

மாதவிடாய் நிற்கும் பருவமும் 2002 ஆய்வும்

மேலைநாடுகளில் ஹார்மோன் விவாதம் வேறொரு பருவத்தைச் சுற்றி நடந்தது. குதிரைச் சிறுநீர் எஸ்ட்ரோஜன் 1942-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் எழுதிய நூல் ஒன்று, மாதவிடாய் நிற்பதை ஒரு குறைபாட்டு நோயாகச் சித்திரித்து, வாழ்நாள் முழுதும் எஸ்ட்ரோஜன் எடுக்கச் சொன்னது. விற்பனை பெருகியது.

1975-ல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், எஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கும் பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பலமடங்கு கூடுவதைக் காட்டின. எஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. புரோஜெஸ்டோஜன் அதைக் கட்டுப்படுத்துகிறது. அதுமுதல், கருப்பை உள்ள பெண்களுக்கு இரண்டையும் சேர்த்துத் தருவது வழக்கமாயிற்று.

2002 ஜூலையில் அமெரிக்காவின் மகளிர் நல முன்முயற்சி ஆய்வு வெளியானது. 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்கள் இதில் பங்கேற்றனர். அவர்களுக்குக் குதிரை எஸ்ட்ரோஜனும் மெட்ராக்சி புரோஜெஸ்ட்ரோன் அசிடேட் என்ற செயற்கை புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையோ, வெற்று மாத்திரையோ தரப்பட்டது. மருந்து எடுத்தவர்களிடம் ஆண்டுக்கு 10,000 பேருக்கு மார்பகப் புற்றுநோய் 8, பக்கவாதம் 8, நுரையீரல் இரத்தக் கட்டி 8, இதய நோய் 7 என்ற கணக்கில் கூடுதலாகக் காணப்பட்டன. பெருங்குடல் புற்றுநோய் 6-ம், இடுப்பு எலும்பு முறிவு 5-ம் குறைந்தன. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

இந்த எண்களை இரண்டு கோணங்களில் படிக்க வேண்டும். ஒரு தனிப் பெண்ணுக்குக் கூடும் ஆபத்து சிறியது. ஆனால் கோடிக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் எடுக்கும் மருந்தில் அச்சிறு ஆபத்தே பல்லாயிரம் நோயாளிகளாக மாறும். மேலும், பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்ற உடனே தொல்லைகளுக்காக மருந்து எடுக்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இம்முடிவுகளை அப்படியே பொருத்த முடியாது. 2004-ல் வெளியான இதன் மறுபகுதியில், கருப்பை அகற்றப்பட்டு எஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்த 10,739 பெண்களிடம் பக்கவாதம் கூடியது. மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

உடலொத்த ஹார்மோன்களின் எழுச்சி

2002-க்குப் பின் அமெரிக்கப் பெண்கள் பலர் பழைய மாத்திரையைக் கைவிட்டனர். ஆனால் அவர்களது தொல்லைகள் நீங்கிவிடவில்லை. அந்த இடைவெளியில் 'உடலொத்தது' என்ற சொல் செல்வாக்குப் பெற்றது. உமிழ்நீரைச் சோதித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி அளவில் கலந்து தரும் மருந்துக் கூடங்கள் பெருகின. இவற்றில் பக்கவிளைவு இல்லை, இவை புற்றுநோயைத் தடுக்கும் என்றெல்லாம் விளம்பரங்கள் வந்தன.

2008 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய ஏழு மருந்துக் கூடங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சான்றில்லாத உரிமைகோரல்கள், அனுமதி பெறாத எஸ்ட்ரியால் பயன்பாடு ஆகியவை குற்றச்சாட்டுகள். 2020-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு, கலந்து தரப்படும் உடலொத்த ஹார்மோன்களின் மருத்துவப் பயனை ஆதரிக்கப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. உடலொத்த ஹார்மோன்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உரிமம் பெற்ற தொழிற்சாலையில் தயாராகி, ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்பட்டு, எச்சரிக்கைத் தாளுடன் வரும் மருந்து. எஸ்ட்ரடையால் களிம்பு, தோல் ஒட்டு, நுண்துகள் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை ஆகியவை இவ்வகையில் கிடைக்கின்றன. மற்றொன்று, கலந்து தரப்படும் மருந்து. இதில் அளவு கூடலாம், குறையலாம். புரோஜெஸ்ட்ரோன் குறைந்துபோனால் கருப்பை உட்சுவருக்குப் பாதுகாப்பு இல்லை. தோலில் பூசும் புரோஜெஸ்ட்ரோன் களிம்பை இப்பாதுகாப்புக்கு நம்ப முடியாது. உமிழ்நீர்ச் சோதனையை வைத்து அளவை முடிவு செய்வதற்கும் உறுதியான அடிப்படை இல்லை.

ஆய்வுகள் காட்டுவது

உரிமம் பெற்ற உடலொத்த ஹார்மோன்களுக்குச் சில சாதகமான சான்றுகள் உள்ளன. 80,000-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், எஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரோனைச் சேர்த்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை; பல செயற்கை புரோஜெஸ்டின்களைச் சேர்த்தவர்களிடம் கூடியிருந்தது. மற்றொரு பிரெஞ்சு ஆய்வில், வாய்வழி எஸ்ட்ரோஜன் இரத்த உறைவு ஆபத்தைக் கூட்டியது. தோல்வழி எஸ்ட்ரோஜன் கூட்டியதாகத் தெரியவில்லை. வாயால் விழுங்குவது நேராகக் கல்லீரலுக்குச் சென்று உறைதல் காரணிகளைக் கூட்டுவதே இதற்குக் காரணம்.

ஆயினும் இவை பெண்களைக் கவனித்துப் பதிவு செய்த ஆய்வுகள். 2002 ஆய்வு போலக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தப்பட்டவை அல்ல. ஆகவே இம்முடிவுகளை நம்பிக்கை தரும் குறிப்புகளாகக் கொள்ளலாம். முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது.

உடலின் சொந்த ஹார்மோனும் முழுக்கத் தீங்கற்றது அல்ல. முன்கூட்டியே பூப்பெய்தி, தாமதமாக மாதவிடாய் நிற்கும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுதல். வாழ்நாளில் அவர்கள் தம் உடலின் எஸ்ட்ரோஜனுக்கு நீண்ட காலம் ஆட்படுவது இதற்கு ஒரு காரணம். அமெரிக்க அரசின் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் ஸ்டீராய்டு எஸ்ட்ரோஜன்கள் ஒரே தொகுதியாக இடம்பெற்றுள்ளன. எஸ்ட்ரடையாலும் அத்தொகுதியில் அடங்கும்.

2025 நவம்பரில் அமெரிக்க நிர்வாகம், மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கான ஹார்மோன் மருந்துகளின் உறைகளில் இருந்த கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கும் நடவடிக்கையை அறிவித்தது. எஸ்ட்ரோஜனை மட்டும் உள்ளடக்கிய, உடல் முழுதும் பரவும் மருந்துகளுக்கான கருப்பைப் புற்றுநோய் எச்சரிக்கை மட்டும் தொடர்கிறது. 1966-ன் மிகை நம்பிக்கையும் 2002-க்குப் பிந்தைய மிகை அச்சமும் தணிந்து, வயதையும் மருந்து செல்லும் வழியையும் பார்த்து முடிவெடுக்கும் நிலைக்கு மருத்துவம் வந்துகொண்டிருக்கிறது.

கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்ட்ரோன்

இந்தியாவில் உடலொத்த ஹார்மோன் அதிகம் பயன்படும் இடங்களில் ஒன்று கர்ப்பத்தின் தொடக்க காலம். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நுண்துகள் புரோஜெஸ்ட்ரோன் பரவலாக எழுதித் தரப்படுகிறது. டி.இ.எஸ். கதையை அறிந்தவர்கள் இங்கே கேட்க வேண்டிய கேள்வி, பலன் சோதிக்கப்பட்டதா என்பதே.

சோதிக்கப்பட்டது. 2015-ல் வெளியான ஆய்வில், காரணம் தெரியாமல் பலமுறை கருச்சிதைவுற்ற 836 பெண்கள் பங்கேற்றனர். புரோஜெஸ்ட்ரோன் பெற்றவர்களில் 65.8 விழுக்காட்டினரும், வெற்று மருந்து பெற்றவர்களில் 63.3 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். 2019-ல் வெளியான ஆய்வில், தொடக்க மாதங்களில் உதிரப்போக்கு கண்ட 4,153 பெண்கள் பங்கேற்றனர். இங்கே 75 விழுக்காடும் 72 விழுக்காடும். இரண்டிலும் ஒட்டுமொத்த வேறுபாடு உறுதியானதாக இல்லை. ஆனால் உதிரப்போக்குடன், முன்பும் கருச்சிதைவுகளைக் கண்ட பெண்களுக்குப் பலன் தெரிந்தது. ஆகவே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இம்மருந்து தேவை என்ற எண்ணத்துக்குச் சான்று இல்லை. குறிப்பிட்ட சிலருக்கு உதவும் என்பதற்குச் சான்று உண்டு.

தமிழ்நாட்டில் இன்றைய நிலை

ஹார்மோன் மாத்திரைகளில் பல இந்திய மருந்து விதிகளின் எச் அட்டவணையில் வருபவை. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. நடைமுறை வேறாக இருக்கிறது. சித்திரைத் திருவிழா, முளைப்பாரி, திருமணம், புதுமனை புகுவிழா என்று ஒரு நாள் குறிக்கப்பட்டால், மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்குவது மதுரை வட்டாரத்தில் பல குடும்பங்கள் அறிந்த வழக்கம். நகரத்தில் மட்டுமன்றி, தேனி சாலையிலுள்ள நாகமலை புதுக்கோட்டை போன்ற புறநகர் ஊர்களுக்கும் இது பொருந்தும். பெரும்பாலும் வீட்டிலுள்ள வேறொருவர் கடைக்குப் போய் வாங்கி வருகிறார். விழுங்கும் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்த மாத்திரை பொதுவாக நாரெதிஸ்ட்ரோன். இது உடலொத்த ஹார்மோன் அல்ல. தள்ளிப்போடுவதற்கான அளவில் எடுக்கும்போது அதன் ஒரு சிறு பகுதி உடலில் எத்தினைல் எஸ்ட்ரடையாலாக மாறுகிறது. எனவே இரத்த உறைவு ஆபத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. நலமாக உள்ள பெரும்பாலோருக்குச் சில நாள்கள் எடுப்பதால் பெரிய தீங்கு நேர்வதில்லை. ஆனால் முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர், குடும்பத்தில் அந்நோய் உள்ளவர், கல்லீரல் நோயுள்ளவர், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் எடுக்கக் கூடாது. கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்வது நல்லது. ஈ.பி. ஃபோர்ட் காலத்தில் தவறவிடப்பட்ட படி அதுதான்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. மேலைநாடுகளில் இது 51 அளவில் உள்ளது. 40 வயதுக்கு முன் இயல்பாகவோ, சூலகங்களை அகற்றும் அறுவையாலோ மாதவிடாய் நின்றுவிட்டால், எலும்பையும் இதயத்தையும் காக்க இயல்பான வயது வரை ஹார்மோன் எடுப்பது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இவர்களுக்கு மருந்தைக் கண்டு ஒதுங்குவதும் தீங்கே. மார்பகப் புற்றுநோய் கண்டவர், இரத்த உறைவு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர் ஆகியோருக்கு இது பொதுவாகத் தரப்படுவதில்லை.

மருந்துச் சீட்டைக் கையில் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இது எந்த ஹார்மோன்? எதற்காக? எவ்வளவு அளவில், எத்தனை காலம்? வாய்வழியா, தோல்வழியா? எனக்குக் கருப்பை இருப்பதால் புரோஜெஸ்ட்ரோனும் சேர்ந்துள்ளதா? உரிமம் பெற்ற தயாரிப்பா? எந்த அறிகுறி தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும்? ஒற்றைக் காலில் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒருபக்கம் உணர்விழப்பு, நின்ற பிறகு மீண்டும் வரும் உதிரப்போக்கு ஆகியவை தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்.

டி.இ.எஸ். மலிவானது என்பதால் பரவியது. பிரிமோடோஸ் எளிதானது என்பதால் பரவியது. ஈ.பி. ஃபோர்ட் கேட்டவுடன் கிடைத்ததால் பரவியது. கலந்து தரப்படும் ஹார்மோன்கள் இயற்கையானவை என்ற பெயரால் பரவின. இவற்றில் எதுவும் பாதுகாப்புக்கான சான்று அல்ல. 1987-ல் சென்னை உள்ளிட்ட நகரங்களில் நடந்த பொது விசாரணைகளில் அந்தச் சான்றைக் கேட்டவர்களுள் பெண்கள் அமைப்புகளும் இருந்தன. மறு ஆண்டு தடை வந்தது.